விழுந்த சில்வர் ஓக்கிலிருந்து ஒரு பசுமைக்குடில்

ஜனவரி மூன்றாம் ஞாயிறு காலை, சமையலறைத் தராசில் அந்த மரக்கட்டையை வைத்தேன். 704 கிராம். போன ஞாயிறும் 704 தான். அதற்கு முந்தைய ஞாயிறு 706. நோட்டில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜூன் மாதத்திலிருந்து எழுதியிருந்த எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். "சரி கண்ணு, இனிமே எடுக்கலாம்" என்றார். ஏழு மாதமாக நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

எங்கள் வீடு பெங்களூரில் கக்கதாசபுராவில் இருக்கிறது. 60க்கு 40 அடி சைட். முன்பாதியில் வீடு, பின்பாதி வெறும் மண். 1988-இல் அந்த மண்ணின் ஓரமாக அப்பா ஒரு சில்வர் ஓக் கன்று நட்டார். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த மரம் அது. குடகு, நீலகிரி, ஏற்காடு என்று காபி, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைப்பார்கள். இங்கே பழைய காம்பவுண்டுகளில் இன்னும் நிறைய நிற்கிறது. இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுவதால் அந்தப் பெயர். கோடை தொடங்கும்போது ஆரஞ்சு நிறத்தில் சீப்பு சீப்பாகப் பூக்கும். தேன்சிட்டுகள் காலை முழுக்க அதிலேயே இருக்கும். வேகமாக வளரும், ஆனால் பலத்த காற்றுக்குத் தாங்காது. இரண்டு வருஷம் முன்பு மே மாத இடிமழையில் ஒரு சாயங்காலம் வேரோடு சாய்ந்தது. நல்லவேளை, வீட்டுப் பக்கம் சாயாமல் காலி மண்ணில் நீளவாக்கில் விழுந்தது.

கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம் வீட்டு மரமானாலும் பல வகை மரங்களை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. தானாக விழுந்த மரம்தானே என்று விட்டுவிடாமல், போட்டோ எடுத்து மாநகராட்சியின் மரப் பிரிவுக்குத் தகவல் சொன்னோம். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கிளையில் கை வைத்தோம். இதைச் செய்துவிடுவது நல்லது. பிறகு மரத்தை வெளியே கொண்டுபோக வேண்டி வந்தாலும் பேச்சு வராது.

ஒரு மர வியாபாரி வந்து பார்த்து, பேக்கிங் பெட்டிக்குத்தான் ஆகும் என்று நாலாயிரம் சொன்னார். விலை நியாயமானதுதான், சில்வர் ஓக் பெரும்பாலும் அதற்குத்தான் போகிறது. அப்பாவுக்கு மனது வரவில்லை. அவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் பேட்டர்ன் மேக்கராக இருந்தவர். இரும்பு வார்ப்பதற்கு மணலில் அச்சு எடுப்பார்கள் இல்லையா, அந்த அச்சுக்கான மர மாதிரியைச் செய்கிற வேலை. வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், மாதிரியை அடிக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே கோடுகள் சற்றுத் தள்ளிப்போட்ட தனி அளவுகோல் உண்டு. அப்பாவின் பெட்டியில் இப்போதும் இருக்கிறது. எது எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டே வாழ்ந்த மனிதர். "இதுல ஒரு குடில் கட்டலாம் கண்ணு. உங்கம்மா தக்காளிக்கு ஆகும்" என்றார். அப்போது அவருக்கு 74 வயது.

அம்மாவின் தக்காளிதான் இதற்கெல்லாம் காரணம். பெங்களூரில் பசுமைக்குடில் எதற்கு, இங்கே என்ன பனியா கொட்டுகிறது என்று பலர் கேட்டார்கள். குளிருக்காக இல்லை, மழைக்காக. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இலை காய நேரமே கிடைக்காது. இலையில் கரும்புள்ளி விழுந்து, கீழிருந்து மேலே காய்ந்துகொண்டே போகும். மழை இல்லாத மாதத்தில் வெள்ளை ஈ வந்து இலையைச் சுருட்டிவிடும். அந்த இலைச்சுருட்டை வைரஸ் ஒன்றுக்கு பெங்களூர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியது மேலே மழையைத் தடுக்கிற கூரை, பக்கத்தில் பூச்சியைத் தடுக்கிற வலை, உள்ளே தாராளமாகக் காற்று. இந்த மூன்றாவதை நான் லேசாக எடுத்துக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மரத்தை அளந்தோம். மர வியாபாரத்தில் உருட்டு மரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. எங்கள் மரத்தில் நேரான பகுதி 18 அடி, நடுச் சுற்றளவு 54 அங்குலம். நாலில் ஒரு பங்கு 13½. கணக்குப் போட்டால் 22.8 கன அடி வந்தது. மரத்தின் உண்மையான பருமன் இதைவிட அதிகம். பட்டையும் சிலாம்பும் கழிவாகப் போகும் என்பதற்காக இந்தக் கணக்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டும். அப்படியும் எங்கள் கைக்கு உருப்படியாக வந்தது சுமார் 13 கன அடிதான். வீட்டில் செயின்சாவை வைத்து அறுத்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூளாகப் போகும். மில்லில் பட்டை வாள் அதில் பாதிகூடத் தின்னாது. இதைத் தெரிந்துகொண்டுதான் வீட்டில் அறுக்க முடிவு செய்தோம். தெருவுக்குள் கிரேன் வராது, மில்லுக்குக் கொண்டுபோக வேறு வழி இல்லை.

குடிலின் அளவை மரத்தைப் பார்த்துத்தான் தீர்மானித்தோம். நான் காகிதத்தில் 10க்கு 15 என்று வரைந்து வைத்திருந்தேன். அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டு, மரத்தின் மேல் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டார். அடித்துண்டு 7 அடி; அதில் தூண்களும் உத்திரங்களும். அடுத்த துண்டு 11 அடி; அதில் ஒவ்வொரு நீளத்துக்கும் ஐந்தரை அடியில் இரண்டு கைமரம், அதாவது கூரைச் சரிவைத் தாங்குகிற சட்டம். இதற்குள் அடங்கும் குடில் 8 அடி அகலம், 12 அடி நீளம், 30 டிகிரி சரிவு. பெரிதாக ஆசைப்பட்டால் வெளியிலிருந்து மரம் வாங்க வேண்டும். மேலே மிஞ்சிய 4 அடித் துண்டைத் தனியாக உருட்டி வைத்தோம்.

ஜூன் முதல் வாரம் என் தம்பி இரண்டு நாள் லீவு போட்டு வந்தான். 24 அங்குலப் பட்டை உள்ள பெரிய செயின்சா வாடகைக்கு எடுத்தோம். பலகை அறுப்பதற்கென்று அதில் மாட்டுகிற ஒரு சட்டம் ஆன்லைனில் கிடைக்கிறது, அதை வாங்கினோம். கடையில் மாட்டிக் கொடுத்த செயின் மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்கானது. பல்லின் கோணம் 30 டிகிரி. நாரோடு நீளவாக்கில் அறுக்க 10 டிகிரிக்கு அரம் போட வேண்டும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக அரம் போட்டார், ஒன்றரை மணி நேரம். அதே வாள்தான், ஆனால் அதற்குப் பிறகு அறுத்த முகத்தைத் தடவிப் பார்த்தால் பள்ளம் மேடு பாதிகூட இல்லை.

முதல் வெட்டுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். உருண்டையான மரத்தின் மேல் வாள் சட்டம் நகர ஒரு நேரான தளம் வேண்டும். வீட்டில் இருந்த அலுமினிய ஏணியைப் பிரித்து, ஒரு பாதியை மரத்தின் மேல் படுக்கவைத்து, கட்டைகள் கொடுத்து ஸ்க்ரூ போட்டோம். அப்பா இரண்டு முனையிலும் ஒவ்வொரு நேரான குச்சியைக் குறுக்கே வைத்தார். பத்தடி தள்ளிப் போய் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முன் குச்சியின் மேல் ஓரமும் பின் குச்சியின் மேல் ஓரமும் ஒன்றின் மேல் ஒன்றாக மறைய வேண்டும். ஒரு பக்கம் நூலளவு தெரிந்தாலும் ஏணி முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த முறுக்கு அடுத்து வரும் எல்லாப் பலகையிலும் இருக்கும். "வலது பக்கம் ஒரு பேப்பர் தடிமன் ஏத்து" என்பார். நான் ஏற்றுவேன். மறுபடியும் பார்ப்பார். இப்படியே முக்கால் மணி நேரம் போனது. வெட்ட எடுத்துக்கொண்ட நேரம் அதில் பாதிகூட இல்லை.

இரண்டாம் நாள் அடித்துண்டின் நடுவில் வாள் சட்டென்று கிறீச்சிட்டு நின்றது. தீப்பொறி பறந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான். ஆப்பு அடித்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நாலங்குல ஆணி. அதைச் சுற்றி மரம் மை கொட்டியதுபோலக் கறுத்திருந்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "துணி காயப்போடக் கொடி கட்டின ஆணி. நீ மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப அடிச்சது" என்றார். மரம் அதை முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டு, வெளியே ஒரு தழும்புகூட இல்லாமல் மூடியிருந்தது. ஆணியிலிருந்து பட்டை வரை வளையங்களை எண்ணிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு செயினில் ஏழு பல்லுக்குத் திரும்ப அரம் போட்டோம். வீட்டு மரத்தை அறுக்கப்போகிறவர்கள் ஆள் உயரம் வரைக்குமாவது மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். வீட்டு மரத்தில் ஆணி இல்லாமல் இருக்காது.

இன்னொன்று. தம்பியின் முன்கை இரண்டிலும் அன்றிரவு தடிப்பு வந்து நாலு நாள் அரித்தது. சில்வர் ஓக்கின் சாறும் தூளும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும் என்று டாக்டரிடம் போன பிறகுதான் தெரிந்துகொண்டோம். முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி, காதுக்கு அடைப்பு, காலுக்குத் தடித்த உறை, எதையும் விடாதீர்கள்.

நடுத்தண்டை ஒட்டிய மரத்தைத் தூணுக்கு எடுக்காமல் தவிர்த்தோம். அது எப்படியும் வெடிக்கும். மூன்று அங்குலத் தூணை மூன்றேகாலாக அறுத்தோம், காயும்போது சுருங்கும் என்பதால். நடுவிலிருந்து நேராக வெளிப்பக்கம் போகிற வாட்டத்தில் வந்த பலகைகளில் மட்டும் சரிகை வேலைப்பாடு மாதிரி ஒரு பளபளப்பு வரும். ஓக் என்று பெயர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்படி வந்த நாலு பலகையைக் கதவுக்கென்று தனியாக எடுத்து வைத்தேன்.

சில்வர் ஓக் கரையானுக்கும் துளைக்கும் வண்டுக்கும் எளிதாக இரையாகிற மரம். பச்சையாக இருக்கும்போதே மருந்து கொடுத்தால்தான் உள்ளே போகும். 50 லிட்டர் வெந்நீரில் 3 கிலோ வெண்காரம், 2 கிலோ போரிக் பவுடர். கேரம் போர்டில் தூவுகிறோமே, அதே போரிக் பவுடர்தான். செங்கலை நீளமாக அடுக்கி, உள்ளே தார்ப்பாய் விரித்துத் தொட்டி செய்தோம். ஒவ்வொரு கட்டையையும் முக்கி எடுத்து, ஈரத்தோடேயே பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரண்டு வாரம் விட்டோம். மரத்துக்குள் இருக்கும் தண்ணீரின் வழியாக உப்பு மெல்ல உள்ளே நகரும். மழையில் நனைந்துகொண்டே இருந்தால் அதே வழியாக வெளியேயும் வந்துவிடும் என்பதால், மண்ணைத் தொடுகிற இடத்தில் இந்த மருந்தை நம்பக் கூடாது.

அப்புறம் காயவைப்பது. இந்த வேலை முழுக்க எதில் அடங்கியிருக்கிறது என்று என்னைக் கேட்டால், அறுப்பதைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். வடக்குச் சுவர் ஓரமாக, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஹாலோ பிளாக் வைத்து அடுக்கினோம். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), ஒன்றரை அடிக்கு ஒன்று. மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் பாரம் வளைத்துவிடும். வெட்டு முனைகளில் உருக்கிய மெழுகுவத்தி தடவினோம், ஏனென்றால் தண்ணீர் முனை வழியாக அவசரமாக வெளியேறினால் முனை பிளக்கும். மேலே தகரம், அதன் மேல் மீதி ஹாலோ பிளாக். பக்கங்களை மூடவில்லை.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? ஈரப்பதமானி வாங்குகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைமரக் கட்டையிலிருந்து ஒரு அடித் துண்டு வெட்டி, இரண்டு முனையிலும் மெழுகு பூசி, அடுக்குக்கு நடுவிலேயே செருகி வைத்தார் அப்பா. ஞாயிறுதோறும் அதை எடுத்து எடை போட வேண்டும். முதல் நாள் 1,128 கிராம். ஒரு வாரத்தில் 1,021. ஜூலை கடைசியில் 880. பிறகு மழை பிடித்தது, எண்கள் நகரவே இல்லை. செப்டம்பரில் ஒரு வாரம் 4 கிராம் ஏறியது. எனக்கு அழுகை வராத குறை. அக்டோபர் கடைசியில் 765, டிசம்பர் தொடக்கத்தில் 720. மூன்று வாரம் எடை ஏறக்குறைய அசையாமல் இருந்தால், வெளிக்காற்றின் ஈரமும் மரத்தின் ஈரமும் சமமாகிவிட்டன என்று அர்த்தம். அதற்கு மேல் அது காயாது, காயவும் தேவையில்லை.

சதவீதமும் தெரிய வேண்டும் என்று நான் விடவில்லை. வேறொரு கைமரத்தின் நடுவிலிருந்து மெல்லிய துண்டு ஒன்று வெட்டினோம், 62 கிராம். ஓவனில் 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து எடுத்தால் 55. போன தண்ணீர் 7 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 12.7 சதவீதம். மூன்று அங்குலத் தூணிலிருந்து எடுத்த துண்டில் இன்னும் 20 சதவீதம் இருந்தது. தூண் கட்டிய இடத்திலேயே மெதுவாகக் காயலாம், போல்ட்டைப் பிறகு முறுக்கிக்கொள்ளலாம். கைமரமும் கதவும்தான் காய்ந்திருக்க வேண்டும் என்றார் அப்பா. 11 அடி நீளம் எட்டில் ஒன்று முறுக்கிக்கொண்டது. அதைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கதவுச் சட்டத்துக்குப் பயன்படுத்தினோம்.

கட்டும் வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகடு வடக்கு தெற்காக. அப்போதுதான் நீளமான பக்கங்கள் மேற்கும் கிழக்குமாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும், வடகிழக்குக் காற்றுக்கும் அதேதான். வெளிச்சத்துக்கும் இது சரி. பெங்களூரில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே வந்து நிழலே விழாது; அந்த இரண்டு நாளுக்கும் இடையில் மதியச் சூரியன் வடக்கே இருக்கும். அதனால் வடபுறம் இருட்டு என்ற பேச்சே இல்லை. நூல் கட்டி, மூலைக்கு மூலை 14 அடி 5 அங்குலம் வரும்வரை முளைகளை நகர்த்தினோம். இரண்டு மூலைவிட்டமும் சமமானால் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன என்று அர்த்தம். ஆறு குழி, ஒன்றரை அடி ஆழம், கான்கிரீட். ஒவ்வொன்றிலும் வெல்டிங் கடையில் செய்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டைக் கவ்வி. தூண் கான்கிரீட்டையே தொடாமல் ஒரு அங்குலம் மேலே கவ்வியில் நிற்கும். கரையான் ஏறினால் மண் கோடு கண்ணுக்குத் தெரியும், தண்ணீரும் தேங்காது.

போல்ட், வாஷர், ஸ்க்ரூ எல்லாம் ஹார்டுவேர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் எடைக்கு வாங்கினோம். தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் பாதிக்குப் பாதி வெட்டி 12 மில்லிமீட்டர் போல்ட். கைமரம் உத்திரத்தில் உட்காரும் இடத்தில் முக்கோண வெட்டு. அந்த வெட்டுக்கு அப்பா ஒட்டுப்பலகையில் ஒரே ஒரு மாதிரி செய்தார். பதினாலு கைமரத்திலும் அதை வைத்துத்தான் கோடு போட வேண்டும். ஏற்கெனவே வெட்டிய கைமரத்தை வைத்து அடுத்ததற்குக் கோடு போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒவ்வொன்றிலும் பென்சில் தடிமன் பிழை சேர்ந்துகொண்டே போனால், பதினாலாவதில் அரை அங்குலம் நிற்கும். கைமரம் ஒவ்வொன்றையும் உத்திரத்தோடு ஜிஐ பட்டையால் கட்டினோம். இந்த மாதிரிக் கூரைக்குப் பாரத்தால் ஆபத்து இல்லை, காற்று அடியிலிருந்து தூக்குவதுதான் ஆபத்து.

கூரைக்கு 200 மைக்ரான், புற ஊதா தாங்கும் பாலிதீன் தாள். மரம் வெயிலில் சுட்டால் தாள் தொடுகிற இடம் சீக்கிரம் உளுத்துப்போகும். அதனால் கைமரங்களின் மேல் முகத்துக்கு மட்டும் தண்ணீரில் கரைக்கிற வெள்ளை பெயின்ட் அடித்தோம், மற்ற இடத்துக்கு ஆளி விதை எண்ணெய். பிப்ரவரியில் காற்று இல்லாத விடியற்காலை ஏழு மணிக்குத் தாளை இழுத்து மாட்டினோம். பதினோரு மணிக்கெல்லாம் அது தொட்டிலாகத் தொங்கியது. குளிரில் இழுத்த தாள் வெயிலில் நீளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை, ஆணி அடிக்காமல் அலுமினியக் காடிக்குள் வளைகம்பி செருகுகிற முறையில் மாட்டியிருந்தோம். கம்பியை உருவி, மதிய வெயிலில் திரும்ப இழுத்து மாட்ட இரண்டு மணி நேரம் ஆனது, அவ்வளவுதான்.

பெரிய தவறு மார்ச்சில் தெரிந்தது. மேற்கு, கிழக்குப் பக்கங்களில் மூன்றரை அடிக்குச் சுருட்டித் தூக்குகிற திரையும், அதன் உள்ளே 40 மெஷ் பூச்சி வலையும் வைத்திருந்தேன். காற்றுக்கு அது போதும் என்பது என் எண்ணம். முகட்டில் ஒரு திறப்பு வேண்டும் என்று அப்பா முதலிலேயே சொன்னார். மழை உள்ளே வரும், வேலையும் கூடும் என்று நான்தான் மறுத்தேன். மார்ச் இரண்டாம் வாரம் மதியம் ஒரு மணிக்கு, திரையைச் சுருட்டியே வைத்திருந்தும், தோள் உயரத்தில் 47 டிகிரி. வெளியே 34. தக்காளிப் பூக்கள் காம்போடு கழன்று கீழே கிடந்தன. சூடான காற்று மேலே போய் முகட்டுக்கடியில் அடைபட்டு நிற்கிறது. பக்க வலையின் கண்ணும் சின்னது, அதன் வழியாக வருகிற காற்று அதைத் தள்ளப் போதவில்லை. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தேன். புகை நேராக மேலே போய், முகட்டுக்கடியில் பரவி, அங்கேயே நின்றது.

அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு வந்தார். முகட்டின் இரு பக்கமும் ஒரு அடிக்குத் தாளைப் பின்வாங்கி, ஒன்று விட்டு ஒரு கைமர ஜோடியின் மேல் ஒரு அடி உயரக் குட்டைக்கால் நிறுத்தி, அதன் மேல் சின்னதாக இரண்டாவது கூரை போட்டோம். இரு பக்கமும் ஒரு அடி உயரம், 12 அடி நீளத்துக்குத் திறப்பு. அதாவது 24 சதுர அடி, தரைப் பரப்பில் கால் பங்கு. சின்னக் கூரை அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் சாரல் உள்ளே வருவதில்லை; திறப்பிலும் வலை உண்டு. நாலு நாள் வேலை. மரம் முறுக்கிய நீளத்தில் மீந்த துண்டுகள் இதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்தன. அதே மாதக் கடைசியில், வெளியே அதே 34 இருந்தபோது உள்ளே 37. ஊதுவத்திப் புகை இப்போது கைக்கு மேலே ஏறிக் கண்ணெதிரே வெளியே போனது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு இடிமழையில் மேற்குத் திரையை இறக்க மறந்துவிட்டோம். காற்று உள்ளே புகுந்து தாளைக் கீழிருந்து தூக்கி, ஐந்தடி நீளத்துக்கு வளைகம்பியை உருவிவிட்டது. மரம் அசையவில்லை. தாளின் மேல் இப்போது நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறோம். வானம் கறுத்தால் காற்று வரும் பக்கத்துத் திரையை யார் வீட்டில் இருந்தாலும் இறக்க வேண்டும்.

உள்ளே ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி போட்டோம். இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்குகிற ரகம். வலைக்குள் தேனீ வராது. தக்காளிப் பூவுக்குத் தன் மகரந்தமே போதும், ஆனால் பூ அதிர வேண்டும். வெளியே காற்று செய்கிற வேலை அது. காலை ஒன்பது, பத்து மணிக்கு அம்மா கொடி கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுண்டிவிட்டு வருவார். செப்டம்பர் மழையில், வெளியே வைத்திருந்த நாலு செடியும் கருகிப்போயின. உள்ளே இருந்தவை நவம்பர் வரை காய்த்தன.

மே மாதம் எல்லா போல்ட்டையும் முறுக்கினேன். ஒவ்வொன்றும் முக்கால் சுற்று உள்ளே போனது, தூண் சுருங்கியிருந்தது. டிசம்பரில் மறுபடி முறுக்கியபோது கால் சுற்றுதான் போனது. தென்மேற்குத் தூணில் மட்டும் மேலிருந்து ஒன்றரை அடிக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது, விரல்நகம் நுழையும் அளவு. அப்பா அதன் கீழ் முனையில் தேதி போட்டுப் பென்சிலால் கோடு கிழித்து வைத்திருக்கிறார். மூன்று மாதமாக வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மிஞ்சிய 4 அடித் துண்டை இந்தக் கோடையில் அறுத்து, உள்ளே நாற்றுத் தட்டு வைக்க ஒரு பெஞ்சு செய்யப்போகிறோம். செயினுக்கு இந்த முறை நான் அரம் போடுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோணம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.